ஸ்கிசோஃப்ரினியா என்ற நோய்ப்பெயரைச் சரியாகப் புரிந்துகொள்வது எப்படி?

மனநல மருத்துவரின் சீட்டில் ஒரு நோயின் பெயரை முதன்முதலாகப் பார்க்கும் குடும்பத்தார் வீடு திரும்பியதும் செய்கிற முதல் வேலை, பெரும்பாலும் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று தேடுவதுதான். ஸ்கிசோஃப்ரினியாவைப் பொறுத்தவரை அந்தத் தேடல் அவர்களை நேராகத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. 'பிளவுபட்ட மனம்' என்று அகராதி சொல்கிறது. ஒரே உடலில் இரண்டு பேர் குடியிருப்பதாகவும், அவர்களில் ஒருவர் கொடியவர் என்றும் காட்டும் கதைகள் உடனே நினைவுக்கு வருகின்றன. மகனோ தங்கையோ இனி எந்த நொடியில் வேறு ஆளாக மாறுவாரோ என்ற அச்சம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த அச்சத்துக்கும் அந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நோயைவிட நோயின் பெயரைத் தவறாகப் படித்ததால் ஒதுக்கப்பட்டவர்கள் ஏராளம் என்பதால், பெயரை எப்படிப் படிப்பது என்பதையே தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

படிக்க வேண்டிய வரிசை இது: முதலில் வேர்ச்சொல், அடுத்து, இந்தப் பெயர் எந்தப் பழைய பெயரை அகற்றிவிட்டு வந்தது என்பது, பிறகு, பெயரை உருவாக்கியவர் மனத்தில் வைத்திருந்த பொருள், கடைசியாக, இன்றைய மருத்துவர் அதே பெயரை எழுதும்போது கருதுகிற பொருள். இவற்றுள் முதலாவது மிகச் சிறியது, கடைசியானது மிக முக்கியமானது. பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன்னையோ பிறரையோ துன்புறுத்தும்படி குரல்கள் கட்டளையிடுவதாக ஒருவர் சொன்னாலும், நாள்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருந்தாலும், உயிரை விட்டுவிடப்போவதாகப் பேசினாலும் பெயரின் பொருளைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கீழே வருபவை, அந்த அவசரம் இல்லாதபோதோ அது தணிந்த பிறகோ படிப்பதற்கானவை.

வேர்ச்சொல்லைப் பாருங்கள், ஆனால் அங்கே நின்றுவிடாதீர்கள்

கிரேக்க மொழியில் 'ஸ்கிசெய்ன்' என்றால் பிளத்தல்; 'ஃப்ரேன்' என்றால் மனம். இந்த இரண்டையும் சேர்த்து ஆக்கப்பட்டதே ஸ்கிசோஃப்ரினியா. ஆக்கியவர் இருபதாம் நூற்றாண்டு மருத்துவர் என்பதால் இது பழங்கிரேக்கர் வழங்கிய நோய்ப்பெயர் ஆகாது. கிரேக்கத் துண்டுகளைக் கொண்டு புதிதாகக் கட்டிய பெயர். 'ஃப்ரேன்' என்ற சொல்லேகூடத் தொடக்கத்தில் நாம் இன்று சொல்லும் மனத்தைக் குறிக்கவில்லை. பழைய கிரேக்கக் காப்பியங்களில் அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள பகுதியைச் சுட்டியது. எண்ணமும் உணர்ச்சியும் அங்கேதான் உறைகின்றன என்று அக்காலத்தவர் கருதினார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு இன்றுவரை 'ஃப்ரெனிக்' நரம்பு என்றே அழைக்கப்படுகிறது. சொல்லின் வேர் நோயின் வரையறையாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழில் பரவலாக வழங்கும் 'மனச்சிதைவு நோய்' என்ற பெயருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிதைவு என்ற சொல் திரும்பி வராத அழிவை நினைவூட்டுகிறது. நோயோ அப்படிப்பட்டதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெயரை வழங்குவதில் தவறில்லை, அதிலிருந்து நோயின் முடிவை ஊகிக்காமல் இருந்தால் போதும்.

இது எந்தப் பெயரை அகற்றியது என்று கேளுங்கள்

எந்த மருத்துவப் பெயரையும் அது யாரோடு வாதிட்டுப் பிறந்தது என்று தெரிந்தால்தான் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியும். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயருக்கு முன்னால் அதே இடத்தில் இருந்தது 'டிமென்ஷியா ப்ரேகாக்ஸ்' என்ற இலத்தீன் பெயர். உரிய வயதுக்கு முன்பே வந்துவிடும் அறிவுத் தேய்வு என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு மருத்துவர் பெனடிக்ட் மோரெல் இதே பொருள்தரும் தொடரைத் தன் மொழியில் இளம் நோயாளிகளைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். அதை ஒரு தனி நோயின் பெயராக நிலைநாட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின்.

கிரேப்லினின் வேலைமுறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, வந்தபோது இருந்த நிலை, பிறகு ஏற்பட்ட மாற்றம், இறுதியில் என்ன ஆனார் என்பனவற்றைக் குறித்து வந்தார். ஒரு நாளின் தோற்றத்தைக் கொண்டு நோயை வகைப்படுத்துவதைவிட, ஆண்டுக்கணக்கில் அது செல்லும் போக்கைக் கொண்டு வகைப்படுத்துவதே சரி என்பது அவர் கொள்கை. அதுவரை கேட்டடோனியா (உடல் உறைந்ததுபோல் ஆவது), ஹெபிஃப்ரினியா (பேச்சும் நடத்தையும் ஒழுங்கு கலைவது) என்று வேறு வேறு மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்திருந்த நிலைகளையும், ஐயமும் பிறழ் நம்பிக்கையும் (சான்று காட்டினாலும் மாறாத, உண்மைக்குப் புறம்பான நம்பிக்கை) மிகுந்த நிலையையும், 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் ஒரே நோயின் வடிவங்களாக இணைத்தார். அதற்கு எதிர்ப்புறத்தில், மனநிலை ஏறியும் இறங்கியும் இடையிடையே தெளிந்தும் வரும் நோயைத் தனியாக நிறுத்தினார். இன்று பைபோலார் என்று நாம் சொல்வதற்கு மூலம் அங்கே இருக்கிறது. இன்றைக்கும் மருத்துவர் தொடக்கத்தில் 'கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்' என்று சொல்லும்போது, அவர் தட்டிக்கழிப்பதாகக் குடும்பத்தார் நினைக்க வேண்டாம். நோயின் போக்கைக் காலத்தில் வைத்துப் பார்ப்பது இந்த நோயறிதலின் உயிரான பகுதி.

ஆனால் அந்தப் பெயர் கொடுமையானது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அறிவுத் தேய்வு என்று எழுதிவிட்டால், தீர்ப்பும் சேர்ந்தே எழுதப்பட்டுவிட்டது என்றாகிறது. ஒரு சிறு பகுதியினர் குணமடைவதைக் கிரேப்லினே குறித்திருந்தார். பெயரோ அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த நாளில் இந்த நோய்க்குப் பயன் தரும் மருந்து எதுவும் இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. குளோர்ப்ரோமசின் என்ற முதல் மருந்தின் பயனைப் பாரிஸ் நகரின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலேயும் பியர் டெனிக்கரும் வெளிப்படுத்திய ஆண்டு 1952. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, பெரிய மனநோய் விடுதிகளில் அடைபட்டிருந்தவர்களைப் பார்த்து எழுதப்பட்ட பெயர் அது.

உருவாக்கியவர் என்ன கருதினார் என்று பாருங்கள்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யூஜென் பிளாய்லர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. ரைனாவ் என்ற இடத்தில் இருந்த மனநோய் விடுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் நோயாளிகளுடன் நெருங்கிப் பழகியவர் அவர். 1898 முதல் சூரிச்சில் உள்ள புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையின் இயக்குநராக இருந்தார். நெருங்கிப் பழகியதால் அவர் கண்டது இதுதான்: எல்லாருக்கும் இந்த நோய் இளம் வயதில் தொடங்குவதில்லை; எல்லாருக்கும் அறிவு தேய்வதும் இல்லை. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ஒருவர் ஒருநாள் திடீரென்று தெளிவாகப் பேசும்போது, அத்தனை நாளும் சுற்றி நடந்ததைக் கவனித்துக்கொண்டே இருந்தார் என்பது வெளிப்படும். அறிவு அழிந்திருந்தால் அது எப்படி முடியும்? ஆகவே பழைய பெயரின் இரண்டு சொற்களுமே பொருந்தாதவை என்று பிளாய்லர் முடிவுசெய்தார். 1908ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெர்லினில் ஜெர்மானிய மனநல மருத்துவர்களின் கூட்டத்தில் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை முன்வைத்தார். 1911இல் அதை விரிவாக விளக்கும் நூல் வந்தது. 'டிமென்ஷியா ப்ரேகாக்ஸ் அல்லது ஸ்கிசோஃப்ரினியாக்களின் தொகுதி' என்பது அந்த நூலின் தலைப்பு. பன்மையைக் கவனியுங்கள். இது ஒரே நோயாக இல்லாமல் ஒன்றையொன்று ஒத்த பல நோய்களின் தொகுதியாக இருக்கலாம் என்ற எண்ணம் பெயர் பிறந்தபோதே கூடவே பிறந்துவிட்டது. இன்றைய ஆய்வாளர் பலரும் அதே எண்ணத்தைத்தான் கொண்டிருக்கிறார்கள்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பிளந்தது எது? ஆளுமை இரண்டாகிவிட்டது என்று பிளாய்லர் சொல்லவில்லை. எண்ணம், உணர்ச்சி, விருப்பம் ஆகிய மனச்செயல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே திசையில் இயங்குவது இயல்பு. இந்த நோயில் அந்த இணைப்பு தளர்ந்து, அவை தனித்தனியே இயங்கத் தொடங்குகின்றன என்பதே அவர் கருத்து. இதைக் கண்முன் நிறுத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 'காலையில் சாப்பிட்டீர்களா?' என்று கேட்கிறோம். நோய் முற்றிய நிலையில் வரும் விடை இப்படி இருக்கலாம்: 'மேசையில் வைத்திருந்தார்கள். மேசை மரம்தானே, மரத்தை வெட்டினால் மழை வராது. மழை இல்லாத பக்கத்திலிருந்துதான் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.' ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் ஒரு சொல்லைத் தொட்டுக்கொண்டு நகர்கிறது. ஆனால் கேட்ட கேள்வியை நோக்கி எதுவும் செல்லவில்லை. பேசுபவர் ஒரே ஆள்தான். தொடுப்பு மட்டும் அறுந்திருக்கிறது. அதேபோல, நெருங்கியவரின் இறப்பைச் சொல்லும்போது முகத்தில் எந்த அசைவும் இல்லாமலோ ஒரு சிரிப்புடனோ சொல்வதும் உண்டு. அந்தச் சிரிப்பை இரக்கமின்மை என்று எடுத்துக்கொள்ளும் உறவினர்களுக்குப் பிளாய்லரின் விளக்கம் பெரிய ஆறுதல்: உள்ளே இருக்கும் உணர்ச்சிக்கும் வெளியே தெரியும் முகத்துக்கும் இடையிலான இணைப்புதான் தளர்ந்திருக்கிறது.

எண்ணத் தொடர்பின் தளர்ச்சி, உணர்ச்சி வெளிப்பாட்டின் குறைவு, ஒரே பொருளின்மீது ஒரே நேரத்தில் எதிரெதிரான விருப்பங்கள் எழுவது, வெளியுலகிலிருந்து விலகித் தன் உள்ளுலகில் அடைந்துகொள்வது ஆகிய நான்கையும் அவர் நோயின் அடிப்படையாகக் கொண்டார். குரல்கள் கேட்பதும் பிறழ் நம்பிக்கைகளும் அவர் பார்வையில் இரண்டாம் நிலையைச் சேர்ந்தவை. இந்த நான்கில் கடைசி இரண்டுக்கு அவரே பெயரிட்டார்: ஆம்பிவேலன்ஸ், ஆட்டிசம். ஆம், இன்று குழந்தைகளின் வளர்ச்சி தொடர்பாக நாம் கேள்விப்படும் ஆட்டிசம் என்ற சொல், முதலில் ஸ்கிசோஃப்ரினியாவின் ஓர் அறிகுறிக்கு இடப்பட்ட பெயர். 1943இல் லியோ கானர் அதைக் குழந்தைகளின் தனி நிலை ஒன்றுக்கு எடுத்தாண்டார்; பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே அது ஸ்கிசோஃப்ரினியாவோடு தொடர்பற்றது என்று தெளிவாகப் பிரிக்கப்பட்டது. பிறப்பிடத்தை வைத்துப் பொருளை முடிவுசெய்தால், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்ல நேரிடும். அது எவ்வளவு பெரிய தவறு!

பிளாய்லரின் நூல் முழுமையாக ஆங்கிலத்தில் வந்தது 1950இல்தான். பெயர் பல பத்தாண்டுகள் முன்னதாகவே உலகெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் விளக்கமோ ஜெர்மன் மொழி அறிந்தவர்களிடம் தங்கியிருந்தது. இரட்டை ஆளுமை என்ற தவறான பொருள் பொதுப் பேச்சில் வேரூன்றியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் தோன்றுவதாக விவரிக்கப்படும் நிலை முற்றிலும் வேறானது. பல ஆளுமைக் கோளாறு என்று முன்பு அழைக்கப்பட்ட அதற்கு 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு புதுப் பெயர் அளித்து, வேறொரு பிரிவில் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் எந்த விளக்கத்தையும் அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

இன்றைய வரையறையைப் படியுங்கள்

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பெயர் வழங்கினாலும், அது சுட்டும் எல்லை விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது. பிளாய்லரின் அளவுகோல்கள் நுட்பமானவை, ஆகவே ஆளுக்கு ஆள் மாறுபடக்கூடியவை. 1960களிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் நியூயார்க்கையும் லண்டனையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரே நோயாளியின் ஒளிப்பதிவை இரு நாட்டு மருத்துவர்களுக்கும் காட்டியபோது, அமெரிக்க மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களைவிட மிக எளிதாக ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார்கள். கடலைக் கடந்தால் நோய் மாறிவிடுகிறது என்ற நிலை. அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனம், ஆக்ரா, நைஜீரியாவின் இபாதான், கொலம்பியாவின் காலி, மாஸ்கோ, பிராக் உள்ளிட்ட ஒன்பது மையங்களில் ஒரே வகையான நேர்காணலைக் கொண்டு ஆய்வு நடத்தி, ஒத்த அறிகுறிகளைக் கொண்ட நோயாளிகளை எல்லா இடங்களிலும் கண்டறிய முடிகிறது என்று காட்டியது. ஒருவர் கண்ணுக்கு மட்டும் தென்படும் நுட்பங்களை விட்டுவிட்டு, எல்லாரும் ஒரே மாதிரி எண்ணிப் பார்க்கக்கூடிய அறிகுறிகளை முன்னிறுத்தும் போக்கு அதற்குப் பிறகு வலுப்பெற்றது. எண்ணங்களைப் பிறர் உள்ளே திணிக்கிறார்கள், தன்னைப் பற்றிக் குரல்கள் தங்களுக்குள் உரையாடுகின்றன என்பன போன்ற அனுபவங்களைக் குர்ட் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஏற்கெனவே பட்டியலிட்டிருந்தார். பிளாய்லர் இரண்டாம் நிலையில் வைத்தவை இப்படியாக முன்வரிசைக்கு வந்தன.

இன்று பெரும்பாலான மருத்துவர்கள் இரண்டு வரையறைகளுள் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். முதலாவது, அமெரிக்கச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டினுடைய ஐந்தாம் பதிப்பு, 2013இல் வெளிவந்தது. பிறழ் நம்பிக்கை, இல்லாததைக் கேட்பது அல்லது காண்பது, ஒழுங்கற்ற பேச்சு, மிகவும் ஒழுங்கற்ற அல்லது உறைந்துபோன நடத்தை, உணர்ச்சியும் ஊக்கமும் குன்றுதல் ஆகிய ஐந்தில் குறைந்தது இரண்டு ஒரு மாத காலம் இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்றாவது முதல் மூன்றைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வேலை, படிப்பு, உறவு, தன்னைப் பேணுதல் ஆகியவற்றில் தெளிவான சரிவு இருக்க வேண்டும். நோயின் தடங்கள் மொத்தத்தில் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். போதைப்பொருளோ வேறு உடல்நோயோ இதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இரண்டாவது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி வகைப்பாட்டினுடைய பதினோராம் பதிப்பு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது ஒரு மாதக் கால அளவையே போதுமானதாகக் கொள்கிறது. ஒரே நோயாளிக்கு ஒரு மருத்துவர் இந்தப் பெயரை எழுதி, இன்னொருவர் இன்னும் எழுதாமல் இருந்தால், அவர்களில் ஒருவர் தவறு செய்தார் என்று முடிவுகட்டுவதற்கு முன் எந்த வரையறையைக் கொண்டார்கள் என்று கேளுங்கள்.

இந்த வரையறையில் 'பிளவு' என்ற சொல்லே வரவில்லை. பெயர் தங்கிவிட்டது, அதைச் சூட்டத் தூண்டிய கருத்து பின்னுக்குப் போய்விட்டது.

பழைய கோப்புகளைப் புரட்டுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. பாரனாய்டு (ஐயமும் பிறழ் நம்பிக்கையும் மிகுந்த) ஸ்கிசோஃப்ரினியா, ஹெபிஃப்ரெனிக் ஸ்கிசோஃப்ரினியா என்ற உட்பிரிவுகள் முன்பு எழுதப்பட்டுவந்தன. ஒரே நோயாளி ஒரு காலத்தில் ஒரு வகையாகவும் மற்றொரு காலத்தில் வேறு வகையாகவும் தோன்றுவதாலும், சிகிச்சையைத் தேர்வதில் அவை பெரிதாக உதவாததாலும் புதிய பதிப்புகள் இரண்டிலும் அவை நீக்கப்பட்டன. பழைய சீட்டில் 'பாரனாய்டு' என்று இருந்து புதிய சீட்டில் அது காணப்படவில்லை என்றால், நோய் மாறிவிட்டது என்று பொருளாகாது. எழுதும் முறை மாறியிருக்கிறது. எஃப் 20 என்ற குறியீடு பழைய ஐசிடியைச் சேர்ந்தது, 6ஏ20 புதிய ஐசிடியைச் சேர்ந்தது. இரண்டும் இதே நோயைக் குறிப்பவை.

அருகில் நிற்கும் சொற்களைப் பிரித்தறியுங்கள்

இந்தப் பெயரோடு சேர்ந்து வரும் சில சொற்கள் அதைவிட அதிகமாக வழிதவறச் செய்கின்றன. அவற்றுள் முதலாவது 'பாசிட்டிவ்' அறிகுறிகள். 'பாசிட்டிவ் அறிகுறிகள் அதிகமாக இருக்கின்றன' என்று மருத்துவர் சொல்லும்போது நல்ல முன்னேற்றம் என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. இங்கே அந்தச் சொல்லுக்கு நல்லது என்ற பொருள் இல்லை; இயல்பான மனத்தில் இல்லாத ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதே பொருள். மாயக்குரலும் பிறழ் நம்பிக்கையும் இந்த வகை. 'நெகட்டிவ்' என்பது இருந்த ஒன்று குறைந்துபோவது: பேச்சு சுருங்குவது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, எதிலும் ஆர்வம் எழாதது, குளிப்பதும் உடை மாற்றுவதும்கூடப் பெரும்பாடாவது. இரண்டாவது வகையைத்தான் வீட்டில் உள்ளவர்கள் சோம்பல் என்றும் திமிர் என்றும் படித்துவிடுகிறார்கள். குரல்கள் மருந்தால் அடங்கிய பிறகும் ஒருவர் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தால், அவரை நொந்துகொள்வதற்கு முன் இந்தச் சொல்லை நினைவில் கொள்ள வேண்டும். இப்போது உள்ள மருந்துகள் முதல் வகையைப் பெரிதும் கட்டுப்படுத்துகின்றன, இரண்டாம் வகையில் அவற்றின் பயன் குறைவு. தொழிற்பயிற்சி, பழகும் திறன் பயிற்சி, குடும்பத்தாருக்கான வழிகாட்டல் ஆகியவை சிகிச்சையின் பகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது 'சைக்கோசிஸ்'. இது ஒரு நோயின் பெயர் அல்ல, நிலையின் பெயர். நடப்புக்கும் மனத்துக்கும் இடையிலான பிடிமானம் கழன்றுபோகும் நிலை. காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வருமோ அப்படி இதுவும் பல நோய்களில் வரும். பைபோலார், கடும் மனச்சோர்வு, போதைப்பொருள் பயன்பாடு, மூளை அழற்சி, சில ஹார்மோன் கோளாறுகள் எல்லாவற்றிலும் அது தோன்றலாம். எனவே முதல் முறையாக மருத்துவமனையில் சேர்த்தபோது சீட்டில் சைக்கோசிஸ் என்று மட்டும் எழுதியிருந்தால், அதை ஸ்கிசோஃப்ரினியா என்று நீங்களாக நிரப்பிக்கொள்ளாதீர்கள். இரத்தப் பரிசோதனையும் சில சமயம் மூளை ஸ்கேனும் எடுக்கச் சொல்வது இந்த வேறு காரணங்களை விலக்கிப் பார்ப்பதற்காகத்தான்.

'ஸ்கிசோ' என்று தொடங்கும் பிற பெயர்களும் இருக்கின்றன. ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம் என்பது இதே அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு உட்பட்டு இருக்கும் நிலை. ஸ்கிசோஅஃபெக்டிவ் என்பதில் இந்த நோயின் அறிகுறிகளோடு மனநிலையின் பெரும் ஏற்ற இறக்கமும் சேர்ந்திருக்கும். ஸ்கிசாய்டு என்பது தனிமையை விரும்பும் ஒருவகை ஆளுமை இயல்பின் பெயர்; அதில் மாயக்குரல்கள் கிடையாது. தலைப்பகுதி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பற்றிப் படித்ததை மற்றொன்றின்மேல் ஏற்றக் கூடாது.

பெயரே மாற்றப்பட்ட இடங்களைப் பாருங்கள்

பெயர் ஒரு மனிதரை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஜப்பானில் நடந்தது வலுவான எடுத்துக்காட்டு. அங்கே வழங்கிய பழைய பெயருக்கு 'மனம் பிளந்த நோய்' என்பதே நேர்ப்பொருள். அதைச் சொல்லக் கூசி, மருத்துவர்களே நோயாளிகளிடம் நோயின் பெயரை மறைத்துவந்தார்கள். நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்த தேசிய அமைப்பு 1993இல் பெயரை மாற்றக் கோரியது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு 2002இல் ஜப்பானிய மனநல மருத்துவ, நரம்பியல் சங்கம் 'ஒருங்கிணைப்புத் தளர்ச்சிக் கோளாறு' என்று பொருள்படும் பெயரை ஏற்றது. மாற்றம் வந்தபோது நோயாளிகளில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்கே பெயர் சொல்லப்பட்டிருந்தது. ஓரிரு ஆண்டுகளில் அது 70 விழுக்காட்டை நெருங்கியது. பெயரைச் சொல்ல முடிந்ததால்தான் மருந்து எதற்கு, எவ்வளவு காலம், என்ன எதிர்பார்க்கலாம் என்று நேர்மையாகப் பேச முடிந்தது. தென் கொரியா ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின், இசைக்கருவியின் நரம்புக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தது. கலைந்த சுருதியைத் திரும்பச் சேர்க்க முடியும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. இந்த இரண்டு பெயர்களுமே, உண்மையைச் சொன்னால், பிளாய்லரின் மூலக் கருத்துக்கு அவர் சூட்டிய பெயரைவிட நெருக்கமானவை. பெயர் மாற்றத்தால் இழிவுணர்வு தானாக மறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மருத்துவரும் நோயாளியும் ஒரே மேசையில் அமர்ந்து பேசத் தடையாக இருக்கும் பெயரை மாற்றுவதில் தயங்க எதுவும் இல்லை.

பேசும்போதும் எழுதும்போதும்

பொருள் தெளிந்த பிறகு, சொல்லைக் கையாளும் முறையும் மாற வேண்டும். முன்னுக்குப்பின் முரணாக நடக்கும் ஆட்சியையோ மனிதரையோ 'ஸ்கிசோஃப்ரெனிக்' என்று எழுதுவது பொருளால் தவறு, மனிதத்தாலும் தவறு. முரண்பாடு என்று சொல்ல நினைத்தால் முரண்பாடு என்றே எழுதலாம். நோய் உள்ளவரைக் குறிக்கும்போது நோயையே அவருக்குப் பெயராக்காமல், 'ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்' என்று சொல்வது மேல். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்த நோயுடன் வாழ்கிறார். உங்கள் எழுத்தைப் படிப்பவர்களில் அவரும் அவருடைய தாயும் இருக்கக்கூடும்.

மருத்துவரிடம் செல்லும்போது, இணையத்தில் படித்த விளக்கத்தைச் சொல்லிச் சரியா என்று கேட்பதைவிட, உங்கள் வீட்டில் உள்ளவரைப் பற்றியே கேட்பது பலன் தரும். எந்த அறிகுறிகளைக் கொண்டு இந்தப் பெயருக்கு வந்தீர்கள்? வேறு எந்த நோய்களை விலக்கிப் பார்த்தீர்கள்? இது உறுதியான முடிவா, தற்காலிகமாக எழுதப்பட்டதா? எப்போது மறுபடி பரிசீலிப்பீர்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் பெயருக்குள் இருக்கும் பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு உதவியாக, மாற்றங்கள் எப்போது தொடங்கின, எவ்வளவு நாள் நீடித்தன, தூக்கமும் படிப்பும் வேலையும் எப்போது குறைந்தன என்பனவற்றைத் தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். 'அடிக்கடி தனியாகப் பேசுகிறான்' என்பதைவிட, 'இரவு பத்து மணிக்கு மேல் ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கோ பதில் சொல்வதுபோல மெதுவாகப் பேசுகிறான். நிறுத்தி நிறுத்திக் கேட்கிறான்' என்ற குறிப்பு மருத்துவருக்குப் பல மடங்கு உதவும்.

நோய் உள்ளவரிடமே இந்தப் பெயரைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது பலரையும் தயங்க வைக்கும் கேள்வி. கடும் நிலையில் இருக்கும்போது பெயரை வலியுறுத்தி வாதிடுவதில் பயனில்லை. தனக்கு நோய் இருப்பதாகவே உணராத நிலையும் இந்த நோயின் ஒரு பகுதி. ஓரளவு தெளிந்த பிறகு, முடிந்தால் மருத்துவரின் முன்னிலையில், பெயரைச் சொல்லி, அது இரண்டு ஆள்களாக மாறும் நோய் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இந்த நோய் வந்தவர்களில் மூவரில் ஒருவராவது முழுமையாகக் குணமடைய முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சொல்லுங்கள். பெயர் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் அதற்காக வற்புறுத்தாதீர்கள். 'குரல் கேட்கும் தொந்தரவு' என்றோ 'எண்ணங்கள் கலைந்துபோகும் தொந்தரவு' என்றோ அவர் தனக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்துகொள்ளட்டும். பெயரை ஏற்பதற்கும் மருந்தை ஏற்பதற்கும் முடிச்சுப் போட்டுவிட்டால், முதலாவதை மறுக்கும் நாளில் இரண்டாவதையும் நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. மருந்தை நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவரோடு கலந்து மட்டுமே முடிவுசெய்ய வேண்டியது. வீட்டில் அந்த நோயை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை அவரே முடிவுசெய்துகொள்ளலாம்.